ஈரச் சுவரில் பலகை அடிக்கலாமா? தலவாக்கலையிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன், சகோதரி. தலவாக்கலைப் பக்கம் 7 பேர்ச்சஸ் காணியில் புளொக் கல்லால் கட்டிய தனி வீடு. முன் அறை 12 அடி நீளம், 10 அடி அகலம், சுவர் உயரம் 9 அடி. துரை பங்களாக்களில், அதாவது வெள்ளைக்காரர் காலத்துத் தோட்ட பங்களாக்களில், பார்த்த மாதிரி சுவரில் பலகையும் பீடிங் என்னும் மெல்லிய அலங்காரச் சட்டமும் வைத்து அழகாக்க ஆசை. மரமா, மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் பலகையா, பி.வி.சி பிளாஸ்டிக் பேனலா என்று கேட்டிருக்கிறீர்கள். தீபாவளிக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது, அதற்குள் முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இடையில் ஒரு வரி வருகிறது: மேட்டுப் பக்கச் சுவரில் கீழே ஒன்றரை அடி உயரத்துக்கு பெயின்ட் உரிகிறது, அதையும் பேனலால் மூடிவிடலாம் என்று ஹார்ட்வெயார் கடையில் சொன்னார்களாம். நீங்கள் உண்மையில் கேட்பது இதைத்தான் என்று நினைக்கிறேன். பேனல் அந்த ஈரத்துக்கு மருந்தாகுமா? ஆகாது. அதை முதலில் பேசிவிட்டு அழகுக்கு வருகிறேன். அழகைப் பற்றிச் சொல்லவும் நிறைய இருக்கிறது.

நான் மரவேலை படித்து, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பல வருடமாக பழைய பங்களாக்களின் உள்வேலைகளைத் திருத்துகிறேன், புது வீடுகளுக்குச் செய்தும் கொடுக்கிறேன். கட்டட எஞ்சினியர் இல்லை. உங்கள் சுவரை நேரில் பார்க்கவும் இல்லை. அதனால் உங்கள் வீட்டு ஈரம் எங்கிருந்து வருகிறது என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நீங்களே கண்டுபிடிக்கும் வழியைச் சொல்கிறேன்.

மலைநாட்டு வீட்டுச் சுவருக்கு ஈரம் மூன்று வழியாக வரும். ஒன்று, நிலத்திலிருந்து மேலே ஏறுவது. இது பெரும்பாலும் மூன்று அடிக்கு மேல் போகாது. ஏறி நின்ற இடத்தில் அலை அடித்தது போல ஒரு கோடும், வெள்ளைத் தூளாக உப்பும் தெரியும். இரண்டு, வெளியிலிருந்து பக்கவாட்டில் வருவது. நம் பக்கத்தில் மலையை வெட்டித்தான் வீட்டுக்கு இடம் எடுக்கிறோம். வெட்டிய மண்மேடு சுவரோடு ஒட்டி நின்றாலோ, கூரைப் பீலி உடைந்து தண்ணீர் சுவரோரம் கொட்டினாலோ, மழை பெய்த இரண்டொரு நாளில் உள்ளே கறை பெரிதாகும். மூன்று, வீட்டுக்குள் இருக்கும் நீராவி குளிர்ந்த சுவரில் பட்டு வியர்ப்பது. அறைக் காற்று 20 பாகை செல்சியஸில் 80 சதவீத ஈரப்பதத்தோடு இருந்தால், 16 பாகைக்குச் சற்று மேலேயே நீர் படியத் தொடங்கிவிடும். தலவாக்கலையில் வெளிச்சுவர் இரவில் அந்த அளவுக்குக் கீழே குளிர்வது சாதாரணம். சமையல் ஆவி, மழைக் காலத்தில் வீட்டுக்குள்ளேயே உலர்த்தும் துணி, குளிருக்காக அடைத்தே வைக்கும் ஜன்னல் எல்லாம் சேர்ந்து மூலைகளிலும் அலுமாரிக்குப் பின்னாலும் கறுப்புப் பூஞ்சணமாக வரும்.

எது என்று அறிய ஒரு எளிய சோதனை. ஒன்றரை அடிச் சதுரத்தில் தடித்த பொலித்தீன் எடுத்து, உரிந்த பெயின்டைச் சுரண்டிய இடத்தில் நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். நன்றாக இருக்கும் சுவரிலும் இன்னொன்று ஒட்டுங்கள். இரண்டு நாள் விடுங்கள். பொலித்தீனின் அறைப் பக்கம் ஈரமானால் அது அறைக் காற்றின் ஈரம். சுவர்ப் பக்கம் நீர்த்துளி நின்றால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. இதில் ஒரு குறை உண்டு. நிலத்து ஈரமா, மேட்டு ஈரமா என்று இது பிரித்துக் காட்டாது. அதற்கு மழைக்கு முன்பும் பின்பும் கறையின் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதிப் பாருங்கள். மழைக்குப் பின் சட்டென்று பரவினால் மேட்டுப் பக்கத்தில்தான் வேலை இருக்கிறது.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், மேட்டுப் பக்கச் சுவரில் மட்டும், கீழே மட்டும் உரிகிறது என்பதால் முதலில் வெளியே போய்ப் பார்க்கச் சொல்வேன். வெளி மண் மட்டம் உங்கள் வீட்டுத் தரையைவிட குறைந்தது 6 அங்குலம் கீழே இருக்க வேண்டும். அத்திவாரத்துக்கு மேல் ஈரம் தடுக்க ஒரு படை போட்டிருப்பார்கள். மழையில் மண் சரிந்து வந்து அந்தப் படைக்கு மேல் ஏறி நின்றால் படை இருந்தும் பயனில்லை. மண்ணைச் சுவரை விட்டுத் தள்ளி வெட்டி, சரிவோடு ஒரு கான் வெட்டி, தண்ணீர் வீட்டைச் சுற்றிக்கொண்டு போகும்படி செய்யுங்கள். தேயிலை மலையில் கான் வெட்டத் தெரிந்தவர்கள் இல்லாத வீடு நம் பக்கத்தில் ஏது? பலகைக்குச் செலவழிப்பதற்கு முன் செய்யக்கூடிய மிக மலிவான, மிகப் பயனுள்ள வேலை இதுதான். அதன் பிறகு உள்ளே உரிந்த பெயின்டையும் பொரிந்த பூச்சையும் சுரண்டி, உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்து, சுவரைத் திறந்தபடி உலர விடுங்கள். உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம், அது கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். உள்பக்கம் ஈரம் தடுக்கும் பூச்சு அடித்தால் தீரும் என்று சிலர் சொல்வார்கள். நீர் வரும் வழி அடைபடாத வரை அது வேறு இடம் தேடிப் பக்கவாட்டிலோ மேலேயோ போகும். அதை நம்பிப் பலகை அடிக்காதீர்கள்.

இந்த இடத்தில் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மேட்டுப் பக்கச் சுவரில் வெடிப்பு இருக்கிறதா? பூச்சில் மயிர் போல ஓடும் சின்னக் கோடுகளைச் சொல்லவில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு, நாளாக ஆக அகலும் வெடிப்பு, திடீரென்று இறுகிக்கொள்ளும் கதவு, முற்றத்தில் நிலம் பிளந்த கோடு, மேட்டிலிருந்து புதிதாகக் கசியும் கலங்கல் தண்ணீர், இவை நிலம் நகர்வதன் அடையாளமாக இருக்கலாம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. பேனலின் பெரிய ஆபத்து அது அந்தக் கோடுகளை உங்கள் கண்ணிலிருந்து மறைத்துவிடுவதுதான். வெடிப்பின் இரு முனையிலும் பென்சில் அடையாளமும் திகதியும் போட்டு வையுங்கள். வளர்ந்தால் பலகை வேலையை நிறுத்திவிட்டு, கிராம சேவகர் மூலமோ பிரதேச செயலகம் மூலமோ தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தெரியப்படுத்துங்கள். அது என்னைப் போன்ற தச்சு வேலைக்காரர் பார்த்துச் சொல்லும் விஷயமல்ல.

சரி, இனி அழகுக்கு வருவோம். துரை பங்களா மாதிரி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பலகைகளை ஏன் அடித்தார்கள் என்று தெரிந்தால் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று புரியும். குளிர் நாட்டில் கற்சுவர் முதுகில் பட்டால் சில்லென்று இருக்கும். அதற்காகத்தான் சுவரின் கீழ்ப்பகுதிக்கு மரம் உடுத்தினார்கள். கதிரை முதுகு உராய்ந்து பூச்சு உதிராமலும் அது காத்தது. அந்தப் பழக்கத்தோடு வந்தவர்கள் நுவரெலியாவின் குளிரிலும் ஹப்புத்தளையின் மூடுபனியிலும் அதையே செய்தார்கள். சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டி முடித்த ஹப்புத்தளை அடிசம் பங்களா இப்போது துறவி மடமாக இருக்கிறது. அங்கே முன் கூடத்தையும் நூலக அறையையும் பார்க்க விடுகிறார்கள். ஒரு நாள் போய் வாருங்கள். மரத்தை மட்டும் பார்க்காமல் சுற்றியும் பாருங்கள். உயரமான அறை, அகலமான ஜன்னல், சுவருக்குள் கணப்பு. இந்த மூன்றும் இருந்ததால்தான் கருமையான மரம் அங்கே அழகாக இருக்கிறது. கணப்பு எரிந்த காலமெல்லாம் மரம் உலர்ந்தும் இருந்தது. கணப்பை மூட்டுவதை நிறுத்திய பங்களாக்களில் அதே பலகையின் பின்புறம் பூஞ்சணம் பிடித்து, கீழ்ச் சட்டம் கையால் கிள்ளினால் உதிரும் நிலையில் இருப்பதைக் கழற்றும்போது பார்த்திருக்கிறேன்.

அந்தப் பழைய பலகை வேலையில் உள்ள ஒரு நுட்பத்தை நான் மிகவும் மதிக்கிறேன். நான்கு பக்கமும் சட்டம், நடுவில் பலகை. அந்த நடுப் பலகையைப் பசை போட்டு ஒட்ட மாட்டார்கள், ஆணியும் அடிக்க மாட்டார்கள். சட்டத்தில் வெட்டிய பள்ளத்தில் சும்மா செருகி விடுவார்கள். மரம் மழைக் காலத்தில் ஈரம் குடித்து அகலும், வெயில் காலத்தில் சுருங்கும். நீளவாக்கில் மாற்றம் இல்லை என்றே சொல்லலாம், எல்லாம் அகலத்தில்தான். தேக்குக்கூட 12 அங்குல அகலப் பலகையாக இருந்தால், ஈரம் ஐந்து சதவீதம் மாறும்போது 2 முதல் 3 மில்லிமீற்றர் வரை அசையும். பள்ளத்துக்குள் அசைய இடம் இருந்தால் வெடிக்காது. அகலமான ஒற்றைப் பலகையைச் சுற்றிலும் ஆணி அடித்து இறுக்கினால் நடுவில் பிளக்கும். உங்கள் தச்சு பாஸ், அதாவது மேஸ்திரி, உண்மையான மரத்தில் சட்டமும் பலகையுமாகச் செய்வதாகச் சொன்னால், நடுப் பலகையை எப்படிப் பிடிப்பிக்கப் போகிறார் என்று கேளுங்கள். பசை என்று சொன்னால் வேறு பாஸைப் பாருங்கள்.

ஆனால் உங்கள் அறைக்கு முழுச் சுவர்ப் பலகை தேவையா? தேவையில்லை என்பது என் கருத்து. 12க்கு 10 அடி அறையில் நான்கு பக்கமும் கனமாகப் பலகை அடித்தால் அறை சிறுத்துவிடும். மூடுபனி இறங்கினால் பகல் இரண்டு மணிக்கே விளக்குப் போட வேண்டிய ஊர் நமது. கரும் பழுப்புப் பலகை இருக்கும் வெளிச்சத்தையும் குடித்துவிடும். நான் சொல்வது பீடிங் மட்டும். சுவரையே பலகையாக எண்ணிக்கொண்டு, அதன் மேல் மெல்லிய சட்டங்களால் கட்டம் போட்டு, சுவரையும் சட்டத்தையும் ஒரே வெளிர் நிறத்தில் பெயின்ட் அடிப்பது. எதிர்ப்பக்க ஜன்னல் வெளிச்சம் சாய்வாகப் படும்போது சட்டத்தின் ஓரத்தில் விழும் நிழல்தான் அழகு. செலவு குறைவு, சுவர் மூச்சு விடும், ஈரம் வந்தால் உடனே கண்ணுக்குத் தெரியும், ஒரு சட்டம் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம்.

அளவுதான் இதில் உயிர். மரம் மலிவாக இருந்தாலும் அளவு சரியாக இருந்தால் வீடு எடுப்பாக இருக்கும். தேக்கே போட்டாலும் அளவு தவறினால் ஒட்டவைத்தது போலத்தான் தெரியும். இடுப்பளவில் ஓடும் கிடைப் பட்டி, பாஸ்மார் டாடோ என்று சொல்வது, சுவர் உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் இருக்கட்டும். 9 அடிச் சுவருக்கு 3 அடி. சரி பாதியில் வைத்தால் சுவர் இரண்டாக வெட்டுப்பட்டது போல இருக்கும். பட்டி ஒட்டுவதற்கு முன் உங்கள் கதிரைகளைச் சுவரோரம் வைத்து, முதுகு எங்கே படுகிறது என்று பார்த்து ஓரிரு அங்குலம் ஏற்றலாம், இறக்கலாம். கீழே தரையோரம் ஓடும் பட்டி, ஸ்கர்ட்டிங், 4 அங்குலம் போதும். 6 அங்குலம் உயரமான பங்களாவுக்குப் பொருந்தும், 9 அடி அறையில் தடிப்பாகத் தெரியும்.

இனி கட்டங்கள். 12 அடிச் சுவர் என்றால் 144 அங்குலம். கட்டங்களுக்கு இடையிலும் இரு ஓரத்திலும் 4 அங்குல இடைவெளி என்று வைப்போம். நான்கு கட்டம் போட்டால் ஐந்து இடைவெளி 20 அங்குலம் போக, ஒவ்வொன்றும் 31 அங்குல அகலம். ஸ்கர்ட்டிங்குக்கும் டாடோவுக்கும் இடையில் 32 அங்குலம் இருக்கிறது. மேலும் கீழும் 4 விட்டால் கட்டத்தின் உயரம் 24. அப்படியானால் 31க்கு 24, படுத்த கட்டம், அறையை அமுக்கிக் காட்டும். ஐந்து போட்டால் 24க்கு 24, சதுரம், கண்ணுக்குச் சலிப்பு. ஆறு போட்டால் ஏழு இடைவெளி 28 போக 116, ஆறால் வகுத்தால் 19 அங்குலமும் கொஞ்சமும். 19க்கு 24, நின்ற கட்டம். இதைத்தான் போடச் சொல்வேன். சுவிட்ச், பிளக் பொயின்ட் எங்கே விழுகிறது என்று முன்னாலேயே பாருங்கள். சட்டம் சுவிட்ச் பெட்டியின் நடுவில் ஓடினால் எவ்வளவு நல்ல வேலையும் கெட்டுவிடும். கட்டத்துக்குள் முழுதாக விழ வேண்டும், அல்லது இடைவெளியில் விழ வேண்டும். இதற்காக இடைவெளியை அரை அங்குலம் கூட்டிக் குறைப்பதில் தவறில்லை. எல்லாவற்றையும் வெட்டுவதற்கு முன் மாஸ்கிங் டேப்பால் சுவரில் அப்படியே வரைந்து இரண்டு மூன்று நாள் பாருங்கள். காலையிலும் பாருங்கள், இரவில் மின்விளக்கிலும் பாருங்கள். ஒரு டேப் சுருளின் விலையில் பெரிய தவறு தப்பும்.

பொருள் எது என்ற உங்கள் கேள்விக்கு இப்போது வரலாம். மரம் என்றால் தேக்கு, மகோகனி, பலா, சப்பு எல்லாமே நல்லவை. ஆனால் பெயின்ட் அடிக்கப்போகும் சட்டத்துக்குத் தேக்கு வீண் செலவு. பலாவில் மஞ்சள் வயிரப் பகுதியை மட்டும் எடுங்கள். வெளிறிய ஓரப் பகுதி உளுத்துப்போகும். நம் மலையில் மலிவாகக் கிடைக்கும் யூகலிப்டஸ் கிரான்டிஸ் பலமான மரம்தான், ஆனால் உலரும்போது முறுக்கிக்கொள்ளும், நுனியில் வெடிக்கும். நன்றாக உலர்ந்தது என்று தெரிந்தால் மட்டும் வாங்குங்கள். பைன் பெயின்டுக்கு ஏற்றது, சட்டம் இழைக்கவும் சுகம். கணுக்களிலிருந்து பிசின் கசிந்து வெள்ளைப் பெயின்டில் மஞ்சள் பொட்டாக வரும் என்பதால் கணுவின் மேல் முதலில் அரக்குப் பொலிஷ் தடவ வேண்டும். தேயிலைக்கு நிழலாக நிற்கும் சபுக்கு மரத்தில் பார்க்க அழகான பூப்போட்ட வரி உண்டு. அதை இழைத்து வார்னிஷ் அடித்தால் பெயின்டுக்குள் மறைக்க மனம் வராது. எந்த மரமானாலும் வாங்கியதும் அறைக்குள்ளேயே, இடையில் சிறு கட்டைகள் வைத்து, காற்றுப் போகும்படி அடுக்கி இரண்டு வாரமாவது விடுங்கள். ஒரு துண்டைச் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். வாரா வாரம் நிறுங்கள். எடை குறைவது நின்ற பிறகு வெட்டலாம்.

எம்.டி.எஃப் பெயின்டுக்கு மிக மென்மையான முகம் தரும், வளையாது, விலையும் கட்டுப்படியாகும். உலர்ந்த உட்சுவரில் நானும் போடுகிறேன். அதன் பலவீனம் வெட்டிய ஓரம். அங்கே தண்ணீர் பட்டால் ஊதும். ஊதியது காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. பச்சை நிறத்தில் வரும் ஈரம் தாங்கும் வகை கொஞ்சம் கூடத் தாங்கும், நீர் புகாதது என்று நினைத்துவிட வேண்டாம். எந்த வகையானாலும் முன்புறம், பின்புறம், வெட்டிய ஓரம், ஆணித் துளை எல்லாவற்றுக்கும் சுவரில் ஏற்றுவதற்கு முன்பே பிரைமர் அடிக்க வேண்டும். தரை கழுவும் வீட்டில் ஸ்கர்ட்டிங்குக்கு மட்டும் எம்.டி.எஃப் வேண்டாம். அங்கே மரமோ தரை ஓட்டின் துண்டோ போடுங்கள்.

பி.வி.சி பேனலைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது எல்லாக் கடையிலும் அதைத்தான் முதலில் காட்டுகிறார்கள். அது தண்ணீரில் கெடாது என்பது உண்மை. ஆனால் கெடாதது பேனல்தான். பின்னால் இருக்கும் சுவரின் ஈரம் வெளியே வர வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும், பேனலின் பின்புறத்தில் பூஞ்சணம் படரும். அறையில் ஒரு முடை நாற்றம் நிற்கும், எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. சிறு பிள்ளைகளும் இழுப்பு நோய் உள்ள பெரியவர்களும் இருக்கும் வீட்டில் அது விளையாட்டல்ல. அடுத்தது நெருப்பு. பி.வி.சி 80 பாகைச் சூட்டுக்குள்ளேயே இளகத் தொடங்கும். எரிந்தால் மூச்சை அடைக்கும் அமிலப் புகை வரும். மேலே ஓரத்தில் ஒட்டும் வெள்ளைக் கோர்னிஸ் பல கடைகளில் ரெஜிபோம் என்னும் வெள்ளை நுரைப் பிளாஸ்டிக் இனத்தைச் சேர்ந்தது. அது தீப்பிடித்து உருகிச் சொட்டும். அதனால் சாமிப் படத்துக்கு விளக்கு ஏற்றும் சுவரிலும், விறகு அடுப்புச் சுவரிலும் இந்த இரண்டும் வேண்டவே வேண்டாம். உங்கள் முன் அறையில்தான் சாமிப் படம் என்றால் அந்தப் பகுதியை வெறும் பூச்சாகவே விடுங்கள், அல்லது விளக்குக்குப் பின்னால் ஓடு பதியுங்கள். ரெஜிபோம் கோர்னிஸை வேறு சுவரில் ஒட்டுவதானாலும் தின்னர் கலந்த பசை தொட்டால் அது கரைந்து குழியாகும். தண்ணீரில் கரையும் பசையும் எமல்ஷன் பெயின்டும்தான் அதற்கு.

பலகைக்குப் பின்னால் காற்று இடைவெளி விட்டால் ஈரச் சுவரிலும் அடிக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். இதில் எல்லாரும் ஒரே கருத்தில் இல்லை. ரீப்பை என்னும் மெல்லிய மரக்கட்டை அடித்து ஓர் அங்குலம் தள்ளி, மேலும் கீழும் திறப்பு விட்டால் காற்று ஓடிச் சுவர் உலரும் என்பது ஒரு கட்சி. அறையின் ஈரக் காற்றே அந்த இடைவெளிக்குள் போய்க் குளிர்ந்த சுவரில் படிந்து நீராகும் என்பது இன்னொரு கட்சி. இரண்டிலும் உண்மை இருக்கிறது. வெளிக்கும் உள்ளுக்கும் சூட்டு வித்தியாசம் அதிகமில்லாத, ஜன்னல் திறந்து வைக்கும் வீட்டில் இடைவெளி உதவுவதை நான் கண்டிருக்கிறேன். அடைத்தே கிடக்கும் வீட்டில் உதவாது. நிலத்து ஈரமோ மேட்டு ஈரமோ ஊறிக்கொண்டிருக்கும் சுவருக்கு எந்த இடைவெளியும் போதாது. இதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஒட்டும் வேலையில் சில விஷயங்களை மட்டும் சொல்கிறேன், மற்றவை உங்கள் பாஸுக்கே தெரியும். தரையை நம்பி அளக்காமல் மட்டம் வைத்துச் சுவர் முழுதும் கோடு போடச் சொல்லுங்கள். நம் வீடுகளில் தரை அரை அங்குலம் இறங்கியிருப்பது சாதாரணம். உள்மூலைகள் நேர் 90 பாகையில் இருக்காது என்பதால் இரண்டு சட்டத்தையும் 45இல் வெட்டிச் சேர்த்தால் வாய் திறக்கும். ஒன்றை நேராக முட்டவிட்டு, மற்றதன் நுனியை அதன் வடிவத்துக்குச் செதுக்கிப் பொருத்துவதே சரி. புளொக் கல்லில் வெறும் ஆணி பிடிக்காது. டாடோவுக்கும் ஸ்கர்ட்டிங்குக்கும் ஒன்றரை, இரண்டு அடிக்கு துளையிட்டு ஒரு ரோல் பிளக், அதாவது ஆணியைப் பிடிக்கும் சிறு பிளாஸ்டிக் உறை, வைத்து ஸ்குரூ ஆணி முடுக்க வேண்டும். மெல்லிய கட்டச் சட்டத்துக்குப் பசையும் சில மெல்லிய ஆணியும் போதும். சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் தெரியும் மயிரிழை இடைவெளியை அக்ரிலிக் நிரப்பியால் அடையுங்கள். சிலிக்கன் வேண்டாம், அதன் மேல் பெயின்ட் ஒட்டாது. சட்டத்துக்குச் சற்றுப் பளபளப்பான பெயின்ட், சுவருக்குப் பளபளப்புக் குறைந்தது, நிறம் ஒன்றே. பாலாடை வெள்ளை, வெளிர் மஞ்சள் கலந்த வெள்ளை போன்றவை நம் ஊர் வெளிச்சத்தில் இதமாக இருக்கும். நீலச் சாயல் கொண்ட வெள்ளை மூடுபனி நாளில் அறையை இன்னும் குளிராகக் காட்டும்.

கணக்குக்கு ஒன்று. மேலே சொன்ன ஆறு கட்டத்துக்கு ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 7 அடியும் சொச்சமும், மொத்தம் 44 அடி பீடிங். டாடோ 12, ஸ்கர்ட்டிங் 12. வெட்டில் வீணாவதற்குப் பத்து சதவீதம் சேர்த்தாலும் 75 அடிக்குள் ஒரு சுவர் முடிகிறது. அதே சுவரை முழுப் பலகையால் மூடினால் 108 சதுர அடி, 8க்கு 4 அடித் தகடு நான்கு வேண்டும். அதற்குப் பின்னால் ரீப்பை, ஸ்குரூ, கூடுதல் நாள் கூலி எல்லாம் தனி. விலை மாதத்துக்கு ஒன்றாக இருப்பதால் ரூபாயில் எழுதவில்லை. இந்த அளவுகளை எடுத்துக்கொண்டு இரண்டு கடையில் கேட்டுப் பாருங்கள்.

தீபாவளிக்குள் என்றால் எல்லாவற்றையும் செய்யப் பார்க்க வேண்டாம். முன் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே உள்ள உட்சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரண்டு பக்கமும் அறைதான். மழையும் மேடும் அதைத் தொடுவதில்லை, இரவில் வெளிச்சுவர் அளவுக்குக் குளிர்வதும் இல்லை. வீட்டில் பீடிங்குக்கு மிகப் பாதுகாப்பான சுவர் அது. வருகிறவர்கள் இஸ்தோப்பை (வாசல் திண்ணையை) தாண்டி உள்ளே வந்ததும் கண்ணில் படும் சுவரும் அதுவாகத்தான் இருக்கும். மரம் இரண்டு வாரம் உலர்ந்து, பிரைமர் அடித்து, ஒட்டி, இரண்டு கை பெயின்ட் போட ஒரு மாதம் தாராளமாகப் போதும். மற்ற இரண்டு சுவருக்கும் அதே நிறத்தில் பெயின்டும் ஸ்கர்ட்டிங்கும் மட்டும். மேட்டுப் பக்கச் சுவரில் இப்போது கான் வெட்டி, பீலியைச் சரிசெய்து, உள்ளே சுரண்டி விட்டுவிடுங்கள். பண்டிகைக்கு அசிங்கமாகத் தெரியும் என்றால் சுண்ணாம்பு ஒரு பூச்சு அடிக்கலாம். அது ஈரத்தைப் பூட்டி வைக்காது. ஒக்டோபர், நவம்பர் மழையும் அடுத்து வரும் வடகீழ் மழையும் முடியட்டும். உங்கள் பக்கத்தில் பெப்ரவரி, மார்ச் மாதங்கள்தான் சுவர் உலரும் காலம். ஊவாப் பக்கம், வெலிமடை, பண்டாரவளையில் இருப்பவர்கள் இதைப் படித்தால், உங்களுக்கு அந்தக் காலம் ஜூன் முதல் செப்டெம்பர் வரை. மார்ச்சில் மறுபடி பொலித்தீன் ஒட்டிப் பாருங்கள். இரண்டு நாள் கழித்தும் சுவர்ப் பக்கம் உலர்ந்திருந்தால் அதே ஆறு கட்டத்தை அந்தச் சுவரிலும் தொடரலாம். இன்னும் துளி நின்றால் சுவரின் அடிப்பகுதிப் பூச்சை உடைத்துப் பார்க்க ஒரு நல்ல மேசன் பாஸைக் கூப்பிட வேண்டியிருக்கும். அப்போது மண்மேட்டுக்கும் சுவருக்கும் எவ்வளவு இடைவெளி, வெளிப் பூச்சு மண் வரை இறங்கியிருக்கிறதா என்ற இரண்டையும் பார்த்து எழுதுங்கள், அதற்குத் தகுந்த மாதிரி அடுத்தது சொல்கிறேன்.